சக்கரம் கழலாமல் இருக்க

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில் தடா இருக்கிறது. தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டியதும் வரும் ஆந்திர ஊர் இது. இந்தச் சாலையில் இரவும் பகலும் வண்டிகள் ஓடும். இங்கே ஒரு காரின் டயர் பஞ்சர் ஆனால் என்ன செய்வார்கள்? ஜாக்கி வைப்பார்கள். சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டுவார்கள்.

மாட்டும் முறை இரண்டு வகை.

சக்கரம் பொருந்தும் இரும்புப் பகுதிக்கு ஹப் என்று பெயர். மாருதி கார்களில் ஹப்பிலிருந்து மரை வெட்டிய கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். இவையே ஸ்டட். சக்கரத்தை அவற்றில் தொங்கவிட்டு, நட்டு போட்டு முடுக்கலாம். வேலை எளிது.

வோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் ஸ்டட் இல்லை. ஹப்பில் துளைகள் மட்டுமே உண்டு. சக்கரத்தைத் தாங்கிப் பிடித்து, துளைக்கு நேராக வைத்து, போல்ட்டை முடுக்க வேண்டும். இருட்டில் தனி ஆளுக்கு இது சிரமம். போல்ட் கோணலாக ஏறினால் ஹப்பின் மரை கெட்டுவிடும். அதனால் சிலர் போல்ட்டை நீக்கி ஸ்டட் போடுகிறார்கள்.

அப்போது கவனிக்க வேண்டியவை:

1. பழைய போல்ட்டின் மரையும் ஸ்டட்டின் மரையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

2. போல்ட்டின் தலையில் 8.8, 10.9 போன்ற எண் இருக்கும். எண் கூடினால் வலுவும் கூடும். ஸ்டட்டின் வலு இதற்குக் குறையக் கூடாது.

3. பழைய போல்ட் இறங்கிய ஆழத்துக்கு ஸ்டட் இறங்க வேண்டும். மறுபக்கம் நீண்டு பிரேக்கில் உரசக் கூடாது. சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும்.

4. மரை கழலாமல் பிடிக்கும் பசையை ஸ்டட்டின் ஹப் பக்கத்தில் தடவ வேண்டும். அது காயும் வரை வண்டியை எடுக்கக் கூடாது.

5. சில சக்கரங்களின் துளை கூம்பு வடிவம். சிலவற்றில் பந்து வடிவம். நட்டும் அதே வடிவமாக இருக்க வேண்டும். ஸ்டெப்னிக்கும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

6. 12 மி.மீ. ஸ்டட்டில் நட்டு குறைந்தது 12 மி.மீ. ஏற வேண்டும். மரை இடைவெளி 1.5 மி.மீ. என்றால் 8 சுற்று. சுற்றுகளை எண்ணிப் பார்க்கலாம்.

நட்டுகளை வரிசையாக முடுக்கக் கூடாது. ஒன்றை முடுக்கியபின் எதிர்ப்பக்கம் உள்ளதை முடுக்க வேண்டும். அப்போதுதான் சக்கரம் சமமாக உட்காரும்.

புதிதாக முடுக்கிய நட்டு ஓட்டத்தில் சற்றுத் தளரலாம். 80 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி முடுக்க வேண்டும். சென்னையில் ஸ்டட் மாற்றிய வண்டி தடா வரும்போது கணிசமான தூரம் ஓடியிருக்கும். அங்கே ஓரமாக நிறுத்தி, வீல் ஸ்பேனரால் பார்ப்பது நல்லது.

ஸ்டியரிங் ஆடினாலோ, சக்கரத்தில் டக்டக் என்று சத்தம் கேட்டாலோ உடனே நிறுத்த வேண்டும். வேகமாக ஓடும் வண்டியில் சக்கரம் கழன்றால், வண்டியில் இருப்பவருக்கும் ஆபத்து. சாலையில் நடப்பவருக்கும் ஆபத்து. நட்டைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும்.