சுண்ணாம்புப் பாலும் பாக்கும்

தொங்கல் என்னும் இரசாயனச் சொல்லை மாணவர்க்கு விளக்க வேண்டின், நான் எடுத்துக்காட்டுவது வெற்றிலைத் தட்டத்துச் சுண்ணாம்பையே. கதிரவெளி போன்ற மட்டக்களப்புக் கரையோர ஊர்களில் வந்தாரை அத்தட்டம் வைத்து வரவேற்பது வழக்கம். ஆதலின் பொருளைத் தேடி அலைய வேண்டியதில்லை.

சிப்பியைச் சுட்டு, நீர் தெளித்து நீற்றினால் கிடைப்பது கல்சியம் ஐதரொட்சைட்டு. ஒரு லீற்றர் நீரில் அது 2 கிராம் அளவுகூடக் கரையாது. எஞ்சியது நுண்துகள்களாய்ப் பரந்து நின்று நீரைப் பால்போல் வெளுப்பாக்கும். அதுவே தொங்கல். அசையாது வைத்தால் துகள்கள் அடியில் தங்கும். மேலே தெளிந்து நிற்கும் சுண்ணாம்பு நீர், கரைசல்.

'அப்படியாயின் புற்றுநோய் விளைக்கும் பொருள்கள் தொங்கல்களா, கரைசல்களா?' என வினவுவார் உண்டு. அது ஒருவரைப் பார்த்து, 'நீர் நெட்டையரா, வைத்தியரா?' என்று கேட்பது போன்றது! தொங்கல் என்பது பொருள் கலந்து நிற்கும் நிலை. புற்றுநோய் விளைத்தல் அது உடலுள் புரியும் செயல். ஆசனிக்கு குடிநீரிற் கரைந்து, கண்ணுக்குப் புலப்படாது நின்றே அந்நோயை விளைக்கும். கல்நார்த் தூசியோ காற்றில் மிதந்து நுரையீரலுட் புகுந்து விளைக்கும்.

எனினும் வெற்றிலை மெல்லுவோர் வாயில் இவ்விரண்டும் கைகோத்துக்கொள்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிலையம், புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் விளைப்பது என 1985இல் உரைத்தது. 2004இல் வெளியான அதன் நூலோ புகையிலை சேராத வெற்றிலையையும், ஏன், பாக்கையுமே அவ்வகையிற் சேர்த்தது. சுண்ணாம்பு தனியே அக்குற்றம் சாட்டப்பட்டதன்று. ஆனால் அதன் காரத்திலேதான் பாக்கின் துவர்ப்புப் பொருள்கள் எளிதில் ஒட்சியேற்றமடைந்து, உயிரணுக்களின் மரபுப் பொருளைத் தாக்கவல்ல ஒட்சிசன் வகைகளைப் பிறப்பிக்கின்றன. கரைந்த சுண்ணாம்பை உமிழ்நீர் கொண்டுசெல்லச் செல்ல, கரையாது நின்ற துகள்கள் மேலும் கரைந்து அக்காரத்தை நிலைக்கச் செய்கின்றன. வெறும் சுண்ணாம்பு நீராயின் அத்துணைச் சேமிப்பு அதற்கில்லை.

'நான் புகையிலை போடுவதில்லை' என ஆறுதல் கொள்ளும் முதியோர் நம்மிடையே பலர். 2004ஆம் ஆண்டு முடிவு அவ்வாறுதலுக்கு இடம் வைக்கவில்லை. இலங்கை ஆண்களிடையே வாய்ப்புற்றே மிகுதியாகக் காணப்படுவது. கன்னத்தின் உட்புறம் இறுகி வாய் திறக்க இயலாமை, வெண்மை அல்லது செம்மைத் திட்டு, வாரக்கணக்கில் ஆறாத புண் என்பன அதற்கு முன்னே தோன்றக்கூடிய குறிகள். பல் வைத்தியர் சிறு கண்ணாடியும் விளக்கும் கொண்டே அவற்றைக் காண இயலும்.