எரிக்கச் சொன்ன பைல்களும் எஞ்சிய உண்மையும்

ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். அதிகாரி மாறுவார், மந்திரி மாறுவார், சர்க்காரே மாறும். அலமாரியில் உள்ள பைல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். 1989 நவம்பரில் பெர்லின் சுவர் திறந்து, 1991 டிசம்பரில் சோவியத் யூனியன் கலைந்தபோதும் அதுவேதான் நடந்தது. கம்யூனிஸ்டு ஆட்சிகள் போயின. அவை எழுதி வைத்த பைல்கள் மிஞ்சின.

அவற்றைத் தேடிப் பல நாட்டுச் சரித்திர ஆசிரியர்கள் புறப்பட்டார்கள். நாற்பது ஆண்டுக் காலம் பகை முகாம்களில் இருந்த நாடுகளின் அறிஞர்கள் ஒரே மேஜையைச் சுற்றி அமர்ந்தார்கள். காரணம் எளிது. உத்தரவு ஒரு தலைநகரில் இருக்கும். அதன் விளைவு இன்னொரு தலைநகரில் பதிவாகியிருக்கும். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் நடந்தது என்ன என்று தெரியும்.

111 கிலோ மீட்டர் பைல்

கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீசான ஸ்டாசி விட்டுச்சென்ற பைல்களை வரிசையாக அடுக்கினால் 111 கிலோ மீட்டர் நீளம். எழும்பூரில் தொடங்கினால் கிட்டத்தட்டத் திண்டிவனத்தை எட்டிவிடும்! ஆட்சி சரிவது தெரிந்ததும் அதிகாரிகள் இவற்றைக் கிழிக்கத் தொடங்கினார்கள். யந்திரங்கள் ஈடு கொடுக்கவில்லை, கையாலேயே கிழித்தார்கள். 1990 ஜனவரி 15 அன்று பொதுமக்கள் பெர்லின் தலைமை அலுவலகத்துக்குள் புகுந்தார்கள். கிழிந்த காகிதம் மட்டும் சுமார் 16 ஆயிரம் மூட்டை தேறியது. பின்னர் அவற்றில் ஒரு பகுதியைத் துண்டு துண்டாகப் பொறுக்கி ஒட்டினார்கள்.

1992 ஜனவரியிலிருந்து, தன்னைப் பற்றிய பைலைத் தானே படிக்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் கிடைத்தது. தன்னை வேவு பார்த்தது யார் என்று பார்க்கப் போன பலருக்கு, நண்பர் பெயரும் உறவினர் பெயரும் அதில் இருந்தன.

போலந்தின் காயம்

போலந்தின் கதை இன்னும் கொடியது. 1940-ல் சோவியத் பிடியிலிருந்த போலந்து ராணுவ அதிகாரிகளும் போலீசாரும் ஆயிரக்கணக்கில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். போருக்காக அழைக்கப்பட்ட டாக்டர்களும் ஆசிரியர்களும் வக்கீல்களும் அவர்களில் உண்டு. 1943-ல் காட்டின் காட்டில் சவக்குழிகள் அகப்பட்டன. இது ஜெர்மானியர் செய்த கொலை என்று மாஸ்கோ அடித்துச் சொன்னது. 47 ஆண்டுகள் அதையே சொன்னது. கம்யூனிஸ்டு போலந்தில், தகப்பனை இழந்த பிள்ளைகள் கொன்றது யார் என்று வாய் திறந்து சொல்ல வழியில்லை.

1990 ஏப்ரலில், கோர்பசேவ் காலத்தில், சோவியத் சர்க்கார் உண்மையை ஒப்புக்கொண்டது. 1992 அக்டோபரில் ரஷ்ய ஜனாதிபதி எல்ட்சினின் தூதர், மூடி முத்திரையிட்டிருந்த தஸ்தாவேஜுகளின் நகல்களைப் போலந்து ஜனாதிபதி வலேசாவிடம் கொடுத்தார். அவற்றில் 1940 மார்ச் மாத உத்தரவு இருந்தது. அதில் ஸ்டாலினின் கையெழுத்தும் இருந்தது.

இன்னொரு கடிதமும் இருந்தது. 1959-ல் கே.ஜி.பி. தலைவர் ஷெலெபின் குருஷ்சேவுக்கு எழுதியது அது. கொல்லப்பட்டவர்கள் 21,857 பேர். அவர்களுடைய தனி பைல்களை அழித்துவிடலாம் என்பது அவர் யோசனை. அந்தத் தனி பைல்கள் பின்னர் அகப்படவில்லை. அழிக்கச் சொன்ன கடிதம் மட்டும் தப்பியது. எண்ணிக்கையை உலகுக்குச் சொன்னதும் அதுதான்.

அதன் பிறகு ரஷ்ய, போலந்து அறிஞர்கள் கூடி அமர்ந்து இந்தத் தஸ்தாவேஜுகளைத் தொகுத்தார்கள். ரஷ்யாவின் நத்தாலியா லெபதேவா, போலந்தின் வாய்சியேக் மாத்தெர்ஸ்கி, அமெரிக்காவில் பணியாற்றிய அன்னா சின்சியாலா ஆகிய மூவரும் பதிப்பித்த ஆங்கிலத் தொகுதி 2007-ல் வெளியாயிற்று.

ஹவானா கூட்டம்

1962 அக்டோபரை நம் நாட்டார் மறக்க முடியாது. சீனப் படைகள் நம் எல்லைக்குள் புகுந்த மாதம் அது. அதே நாட்களில் கியூபாவில் ரஷ்யா வைத்த ஏவுகணைகளால் உலகம் அணு யுத்தத்தின் விளிம்பில் நின்றது.

அது எவ்வளவு அருகில் வந்தது என்பது முப்பது ஆண்டு கழித்தே தெரிந்தது. 1992 ஜனவரியில் அமெரிக்க, ரஷ்ய, கியூப அறிஞர்களும், அன்று பதவியில் இருந்தவர்களும் ஹவானாவில் கூடினார்கள். பிடல் காஸ்ட்ரோவும், 1962-ல் அமெரிக்க ராணுவ மந்திரியாக இருந்த மக்னமாராவும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். வயதானவர்களின் ஞாபகத்தை மட்டும் நம்பாமல், தஸ்தாவேஜுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

கியூபாவில் சுமார் 10 ஆயிரம் சோவியத் வீரர்கள்தான் என்று அமெரிக்கா அன்று கணக்கிட்டிருந்தது. உண்மையில் 40 ஆயிரத்துக்கும் மேல். கரையிறங்கும் படைமீது வீசத்தக்க சிறு அணு ஆயுதங்களும் அங்கே இருந்ததாக ரஷ்ய ஜெனரல் கிரிப்கோவ் அந்தக் கூட்டத்தில் வெளியிட்டார். மக்னமாரா திடுக்கிட்டார். கியூபாவில் படையிறக்க அமெரிக்கத் தளபதிகள் அன்று வற்புறுத்தியிருந்தார்கள். இறக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மீண்டும் தாழ்ப்பாள்

இத்தகைய ஆராய்ச்சிக்கென்றே 1991-ல் வாஷிங்டனின் உட்ரோ வில்சன் மையத்தில் ஒரு திட்டம் தொடங்கியது. 1993 ஜனவரியில் மாஸ்கோவிலேயே ரஷ்ய அறிஞர்களுடன் மாநாடு கூட்டியது. பல மொழித் தஸ்தாவேஜுகளை மொழிபெயர்த்து, எந்த நாட்டு மாணவனும் படிக்கும்படி வெளியிட்டது.

அந்தக் காலம் நீடிக்கவில்லை. ஸ்டாலின் காலத்தில் மாண்டவர்களின் பெயர்களைத் திரட்டிய மெமோரியல் அமைப்பைக் கலைக்க ரஷ்ய உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் உத்தரவிட்டது. அடுத்த ஆண்டே அந்த அமைப்புக்கு நோபல் சமாதானப் பரிசில் பங்கு கிடைத்தது. வாஷிங்டனிலும் நிலைமை மாறியது. 2025 மார்ச்சில் ஜனாதிபதி டிரம்ப் பிறப்பித்த உத்தரவில் வில்சன் மையத்தைச் சுருக்கச் சொல்லியிருந்தது. ஏப்ரலில் ஊழியர்களில் பெரும்பாலோர் விடுப்பில் அனுப்பப்பட்டார்கள்.

கதவு திறந்திருந்த சில ஆண்டுகளில் பிரதி எடுத்ததும், அதை நாலு நாட்டுக்குப் பகிர்ந்து கொடுத்ததும் எத்தனை நல்ல காரியம் என்பது இப்போது விளங்குகிறது. மூலத்தைப் பூட்டி வைத்தாலும், அச்சேறிய தொகுதிகள் பல தேசத்து நூலகங்களில் இருக்கின்றன. 21,857 என்ற எண்ணை இனி எந்த சர்க்காரும் அழித்துவிட முடியாது.