கரண்ட் பில் கிராஃபில் பார் எகிறியிருக்கா? ஓரத்தில் இருக்கும் எண்களை முதலில் பாருங்க!

"போன வாட்டியைவிட நாலு மடங்கு ஓடியிருக்கே!" மொபைல் ஆப்பில் மின் பயன்பாட்டு கிராஃபைப் பார்த்து இப்படி அலறினால், முதல் பழி ஏ.சி. மேல்தான் விழும். ஆனால், கோளாறு கிராஃபின் செங்குத்து அச்சிலும் இருக்கலாம்.

ஒரு வீட்டின் போன பில் 410 யூனிட், இந்த பில் 440 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். கூடியது சுமார் 7 சதவீதம்தான். அச்சு 0-வில் தொடங்காமல் 400-ல் தொடங்கினால், ஒரு பார் 10 யூனிட் உயரத்திலும் மற்றது 40 யூனிட் உயரத்திலும் நிற்கும். கண்ணுக்கு நாலு மடங்கு! பார் கிராஃபின் அடி 0-வில் இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

தினசரி கிராஃபில் வேறு குழப்பம். அன்றைய உச்சத்துக்கு ஏற்ப அச்சு தானாக மாறினால், நேற்றைய 1 கிலோவாட்டும் இன்றைய 3 கிலோவாட்டும் ஒரே உயரத்தில் தெரியும். அச்சில் இருப்பது கிலோவாட்டா, யூனிட்டா என்பதையும் கவனிக்கணும். கிலோவாட் என்பது அந்த நொடியின் வேகம். பில் வருவது யூனிட்டுக்கு. 2 கிலோவாட் கீசர் 15 நிமிடம் ஓடினால் அரை யூனிட். சராசரியாக 50 வாட் இழுக்கும் ஃபிரிட்ஜ் 24 மணி நேரத்தில் 1.2 யூனிட் தின்றுவிடும். கிராஃபில் கோபுரம் மாதிரி நிற்பது என்னவோ கீசர்தான். ஃபிரிட்ஜ் தரையோடு தவழும்.

எண்களும் 0, 2, 4, 6 என முழுசாக இருந்தால்தான் சட்டென்று படிக்க முடியும். 1.37, 2.74, 4.11 என்று போட்டால் கால்குலேட்டரைத்தான் தேடணும்.

0-வில் தொடங்கிவிட்டால் மட்டும் போதாது. தமிழ்நாட்டில் வீட்டு மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அதில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101 முதல் 200 வரையிலான யூனிட்களுக்கும் கட்டண விகிதம் கூடும். 495, 505 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தால் பார்கள் ஒண்ணுபோலவே இருக்கும். பில் அப்படி இருக்காது. அதனால் 500-ல் ஒரு குறுக்குக்கோடு அவசியம். தினசரி கிராஃப் என்றால் அந்தக் கோடு 8 யூனிட்டில் இருக்கட்டும். 60 நாளுக்கு 480 வரும்.

ஆப் 1-ம் தேதியிலிருந்து கணக்கு போட்டாலும், எண்ண வேண்டியது கடைசியாக ரீடிங் எடுத்த தேதியிலிருந்து.