மிருகவைத்திய நூலகமும் அதன் தலைமைப் பொறுப்பும்

கால்நடை வளர்ப்புப் பற்றிப் பேசும்போது பண்ணையாளர், மிருகவைத்தியர், தடுப்பூசி, பாற்சேகரிப்பு நிலையம் ஆகியவை எல்லோருக்கும் நினைவுக்கு வருகின்றன. நூலகர் எவருக்கும் நினைவுக்கு வருவதில்லை. ஆயினும் நோயுற்ற பசுவின் முன்னால் நிற்கும் வைத்தியர் எடுக்கும் தீர்மானம், அவர் எப்போதோ எங்கோ வாசித்தறிந்த ஒன்றிலேயே தங்கியுள்ளது. அவர் வாசித்தது சரியானதா, காலத்துக்கு ஏற்றதா, தேவைப்பட்ட வேளையில் அவரது கைக்கு எட்டியதா என்பவற்றை நிர்ணயிப்பதில் அவர் கற்ற பல்கலைக்கழகத்தின் நூலகத்துக்குப் பெரும் பங்குண்டு.

இலங்கையில் மிருகவைத்தியப் பட்டக்கல்வியின் நிலைக்களமாக நீண்டகாலமாக இருந்து வருவது பேராதனைப் பல்கலைக்கழகமேயாகும். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மன்னாரிலிருந்தும் இத்துறைக்குத் தெரிவாகும் மாணவர்கள் அங்கேயே செல்கின்றனர். அந்த மிருகவைத்திய பீடத்துக்கெனப் பல்கலைக்கழகத்தின் கிளை நூலகங்களுள் ஒன்று இயங்குகின்றது. 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம், நூலகரைப் பல்கலைக்கழகத்தின் அலுவலர்களுள் ஒருவராக ஏற்றுக்கொண்டுள்ளது. எனினும் கிளை நூலகமொன்றின் அன்றாடப் பொறுப்பு உதவி நூலகர் அல்லது சிரேஷ்ட உதவி நூலகர் தரத்திலுள்ள ஒருவரின் தோள்களிலேயே பொதுவாகச் சுமத்தப்படுகின்றது. அந்த ஒருவர் செய்யவேண்டிய பணி யாது என்பதை வெளியிலிருப்போர் அறிந்திருத்தல் அவசியம்.

முதலாவது பணி, எதை வாங்குவது என்று தீர்மானிப்பதாகும். மனித வைத்தியம் ஓர் உயிரினத்தைப் பற்றியது. மிருகவைத்தியமோ மாடு, எருமை, ஆடு, கோழி, பன்றி, நாய், பூனை, மீன், யானை எனப் பல உயிரினங்களைப் பற்றியது. மனிதருக்குச் சாதாரணமாகக் கொடுக்கப்படும் பரசிற்றமோல் பூனையின் உயிரைப் பறித்துவிடும். ஆகவே ஒரே மருந்தைப் பற்றிய நூலொன்று எல்லா உயிரினங்களுக்கும் போதுமானதாகாது. தேவை இவ்வாறு விரிந்து கிடக்க, நிதியோ சுருங்கிக்கொண்டே செல்கின்றது. விஞ்ஞான சஞ்சிகைகளுக்கும் தரவுத்தளங்களுக்குமான சந்தா பெரும்பாலும் வெளிநாட்டு நாணயத்திலேயே செலுத்தப்படுகின்றது. 2022 மார்ச் மாத ஆரம்பத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. 10,000 டொலர் பெறுமதியான சந்தாவொன்றுக்கு 20 இலட்சம் ரூபா ஒதுக்கியிருந்த நூலகம், அதே சந்தாவுக்கு 36 இலட்சம் ரூபாவைத் தேடவேண்டிய நிலை அப்போது உருவானது.

இத்தகைய வேளையில் எதை நிறுத்துவது? வாசிப்போர் தொகையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், யானை நோய்கள் பற்றியோ மீன் நோய்கள் பற்றியோ உள்ள சஞ்சிகை முதலில் வெட்டப்படும். அதனை வாசிப்பவர் ஒருவரோ இருவரோதான். ஆனால் அந்த ஒருவருக்கு நாட்டில் வேறெந்த நூலகமும் அதனை வழங்காது. விரிவுரையாளர்களையும் ஆய்வாளர்களையும் கலந்தாலோசித்து, இலவசமாகக் கிடைப்பவை எவை, வேறு நூலகங்களுடன் பகிர்ந்துகொள்ளத்தக்கவை எவை, எந்நிலையிலும் கைவிடக்கூடாதவை எவை எனப் பிரித்தறிந்து முடிவெடுக்கும் துணிவு தலைமை நூலகருக்கு இருத்தல் வேண்டும்.

இரண்டாவது பணி, தேடக் கற்பித்தல். இணையத்தில் எல்லாம் கிடைக்கின்றன என்ற எண்ணம் மாணவரிடையே வேரூன்றியுள்ளது. உண்மையில், 1997 முதல் பொதுமக்களுக்கு இலவசமாகத் திறக்கப்பட்ட பப்மெட் தரவுத்தளம் மனித வைத்தியத்தை மையமாகக் கொண்டது. மிருகவைத்திய விடயங்களைத் தாங்கிய 1,139 சஞ்சிகைகளை எடுத்துக்கொண்டு 2012 ஆம் ஆண்டு வெளியான பிரித்தானிய ஆய்வொன்று, ஒன்பது தரவுத்தளங்களை ஒப்பிட்டது. விவசாயத்துக்கும் கால்நடைத் துறைக்குமென உருவாக்கப்பட்ட 'கப் அப்ஸ்ட்ராக்ட்ஸ்' அவற்றுள் ஏறத்தாழ 90 வீதமானவற்றை உள்ளடக்கியிருந்தது. ஏனைய எட்டில் எதுவும் 60 வீதத்தைக்கூட எட்டவில்லை. பப்மெட்டில் தேடிவிட்டு இதுபற்றி ஆய்வே நடைபெறவில்லை என எழுதும் மாணவர், தமக்குத் தெரியாமலே பிழையான முடிவுக்கு வருகின்றார்.

சொல்லும் ஏமாற்றும். 'பஃபலோ' என்ற ஆங்கிலச் சொல்லைக் கொண்டு தேடினால் நமது வயலில் நிற்கும் எருமையோடு ஆபிரிக்கக் காட்டெருமையும் அமெரிக்கக் காட்டெருதும் அப்பெயருடைய நகரமும் சேர்ந்து வந்து நிற்கும். விலங்கியற் பெயரைக் கொண்டு தேடவேண்டும் என்பதைக் கற்பிப்பவர் நூலகரே. நோய்களின் பெயர்களும் காலத்துக்குக் காலம் மாறியுள்ளன. ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சலை முதன்முதலில் விபரித்த 1921 ஆம் ஆண்டுக் கட்டுரை, பிரித்தானிய கிழக்கு ஆபிரிக்காவில் காணப்படும் ஒருவகைப் பன்றிக் காய்ச்சல் என்றே தலைப்பிடப்பட்டிருந்தது. இலங்கையில் இந்நோய் 2024 ஒக்டோபரில் அறியப்பட்டபோது, இன்றைய பெயரை மட்டும் கொண்டு தேடிய ஒருவருக்கு அந்த மூலக் கட்டுரை எளிதில் அகப்பட்டிராது.

மூன்றாவது பணியே மிகக் கடினமானது. எதை அகற்றுவது, எதைப் பேணுவது என்பதே அது. இடநெருக்கடி மிகுந்த நூலகத்தில் பழைய தொகுதிகளை அப்புறப்படுத்தும்படி வற்புறுத்தல்கள் எழுவது இயல்பு. மருந்தளவு கூறும் பழைய நூல்களை அகற்றத்தான் வேண்டும், அவை ஆபத்தானவை. ஆனால் நோய்களின் வரலாறு வேறு விதமானது. வெக்கை நோய் எனப்படும் மாட்டுக் கொள்ளைநோய் இலங்கையில் நாற்பது ஆண்டுகளாக இல்லாதிருந்து, 1987 ஆம் ஆண்டு மீண்டும் தலைகாட்டியது. இந்திய அமைதிப்படையின் உணவுத் தேவைக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு அது வந்து சேர்ந்ததென ஆய்வுகள் கூறுகின்றன. வடக்கு கிழக்கில் மாடுகள் மடிந்தன. 1994 ஆம் ஆண்டு வரை அது நீடித்தது. அந்நோயைத் தம் வாழ்நாளில் கண்டிராத ஒரு தலைமுறை வைத்தியர்களுக்கு, முன்னோர் எழுதிவைத்தவையே வழிகாட்டியாக இருக்க முடிந்தது. 2011 ஆம் ஆண்டு அந்நோய் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. இனி அந்நூல்கள் எதற்கு என்று கேட்போருக்கு 1987 இன் அனுபவமே விடையாகும்.

தோல் கழலை நோயின் கதையும் இத்தகையதே. 1929 ஆம் ஆண்டு இன்றைய சாம்பியாவில் முதலில் காணப்பட்ட இந்நோய், தாவர நஞ்சினாலோ பூச்சிக் கடியினாலோ உண்டாவதாகவே ஆரம்பத்தில் கருதப்பட்டது. அது தொற்றுநோய் என்பது 1940 களிலேயே தெளிவாகியது. நமக்குச் சம்பந்தமற்ற ஆபிரிக்க நோயாகக் கிடந்த அது, 2020 ஆம் ஆண்டு வடமாகாணத்து மாடுகளில் தோன்றியது. அதுவரை எவரும் தொடாத பக்கங்கள் ஒரே வாரத்தில் அவசரத் தேவையாயின.

நான்காவது பணி, உள்நாட்டு அறிவைச் சேகரித்தல். வெளிநாட்டுச் சஞ்சிகையைப் பணம் கொடுத்து எப்போதேனும் பெறலாம். ஆனால் நமது மாணவர்களின் ஆய்வேடுகள், திணைக்கள அறிக்கைகள், கன்னொறுவை மிருகவைத்திய ஆராய்ச்சி நிலையத்தின் பதிவுகள் ஆகியவை தொலைந்தால் அவற்றை மீட்க வழியில்லை. 2022 டிசம்பரில் மண்டோஸ் புயலோடு வந்த கடுங்குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் ஒருசில தினங்களில் இறந்தன. நோயென முதலில் அஞ்சப்பட்டது. குளிர் அதிர்ச்சியே காரணமெனப் பின்னர் தெரியவந்தது. அப்போது எடுக்கப்பட்ட மாதிரிகள், மேய்ச்சல் நிலத்தின் நிலை, கால்நடைகளின் உடல்நிலை பற்றிய குறிப்புகள் ஓரிடத்தில் பேணப்பட்டால், அடுத்த புயலின்போது அவை உயிர் காக்கும். பல அலுவலகங்களின் அலுமாரிகளில் சிதறிக் கிடந்தால் அடுத்த தலைமுறை மீண்டும் முதலிலிருந்தே தொடங்கும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை இழந்த மக்களுக்கு, பிரதியில்லாத ஆவணமொன்றின் பெறுமதியை விளக்கத் தேவையில்லை.

இவை யாவும் பல்கலைக்கழக வளாகத்துக்குள் முடிந்துவிடும் பணிகளல்ல. பட்டம் பெற்று வெளியேறும் வைத்தியர், அதுவரை தாம் பயன்படுத்திய தரவுத்தளங்களைப் பயன்படுத்தும் உரிமையையும் பெரும்பாலும் இழந்துவிடுகின்றார். முல்லைத்தீவிலோ அம்பாறையிலோ கடமையாற்றும் அரச மிருகவைத்தியருக்கு மாணவராக இருந்தபோது கிடைத்த வசதிகூட இல்லை. 1955 முதல் வெளிவரும் மெர்க் மிருகவைத்தியக் கைந்நூல் இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது ஓர் ஆறுதலே. எனினும் புதிய நோயொன்று பரவும்போது கைந்நூல் போதாது. சந்தா ஒப்பந்தங்களைச் செய்யும்போதே வெளிக்கள வைத்தியர்களையும் உள்ளடக்குமாறு பேரம் பேசுவதும், அவர்களது கேள்விகளுக்கு மின்னஞ்சலில் விடை தேடிக் கொடுப்பதும் நூலகத் தலைமையின் கடமைகளாக ஏற்கப்பட வேண்டும்.

மொழியும் ஒரு தடையாக உள்ளது. பீடத்தில் கற்பது ஆங்கிலத்தில். பண்ணையாளரிடம் பேசுவது தமிழிலோ சிங்களத்திலோ. 1989 இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தமிழில் பல கால்நடை நூல்களை வெளியிட்டுள்ளது. அவற்றைத் தருவித்து வைப்பது பெருஞ் செலவான காரியமன்று. ஆனால் நாம் கால்வாய் நோய் என்பதை அங்கே கோமாரி என்பர். இரு வழக்குகளையும் சிங்கள, ஆங்கிலப் பெயர்களையும் இணைக்கும் சொற்பட்டியலொன்றை நூலகமும் பீடமும் சேர்ந்து உருவாக்கினால், தமிழ் பேசும் மாவட்டங்களில் கடமையாற்றும் சிங்கள வைத்தியருக்கும் அது பேருதவியாக அமையும்.

கிழக்கின் மேய்ச்சல் தரைகளிலும் வன்னியின் பட்டிகளிலும் கால்நடையே பல தமிழ், முஸ்லிம் குடும்பங்களின் சேமிப்பாகும். ஒரு கறவைப் பசு இறந்தால் பிள்ளையின் படிப்புச் செலவும் அதனோடு போய்விடுகின்றது. அந்தப் பசுவைக் காக்கும் அறிவு பேராதனையில் ஒரு நூலகத்தின் தட்டுகளிலும் கணினிகளிலும் உள்ளது. அதனை வழிநடத்துபவருக்குப் போதிய நிதியும் ஆளணியும், பீடத்தின் தீர்மானங்களில் உரிய குரலும் வழங்கப்பட வேண்டும். பல்கலைக்கழக நிர்வாகமும் உயர்கல்விக்குப் பொறுப்பான அதிகாரிகளும் அடுத்த வரவு செலவுத் திட்டத்தைத் தயாரிக்கும்போது இதனைக் கருத்திற்கொள்வது அவசியம்.