கோழி கொத்தும் இலை

யாழ்ப்பாணத்து வளவுகளில் எமது கோழிகள் அலரியின் கீழும் எருக்கலையின் கீழும் கிளறித் திரிந்தன. வேலியோரம் கார்த்திகைப்பூக் கொடி படர்ந்திருக்கும். குன்றிமணியும் சிதறிக் கிடக்கும். இவை யாவும் நஞ்சென்பதை அறியாதார் இல்லை. ஆயினும் அவற்றைத் தின்று கோழி செத்ததாக நாம் கேள்விப்பட்டது அரிது. கோழிக்குத் தெரியும் என்று பெரியோர் சொல்லிவிடுவர். அது பாதி உண்மையே. புழு, புல், சிந்திய அரிசி எனத் தெரிந்து தின்ன வழியுள்ள கோழி, கைப்பான இலையைக் கொத்திப் பார்த்துவிட்டு விலகும். கம்பிவலைக்குள் அடைபட்டுப் பச்சையையே காணாத கோழியோ எறிந்ததையெல்லாம் கொத்தும்.

ஒஸ்லோக் கோழிகளின் நிலை பெரும்பாலும் இரண்டாவதே. நீண்ட பனிக்காலம் கழிந்து முதற் பச்சை தலைகாட்டியதும் பிள்ளைகள் கைநிறையப் பறித்துக் கூட்டுக்குள் போடுகின்றனர். சில ஆண்டுகளுக்கு முன் எமது வகுப்பு மாணவி ஒருத்தி, உள்ளி மணக்கும் 'ராம்ஸ்லோக்' கீரை என்றெண்ணி ஒரு பிடி போட்டாள். மறுநாட் காலை மூன்று கோழிகளில் இரண்டு எழும்பவில்லை. எவரும் அறுத்துச் சோதிக்கவில்லை. ஆகவே காரணம் அதுவேயென்று அடித்துச் சொல்லமாட்டோம். ஆனால் அவள் எம்மிடம் கொண்டுவந்து காட்டியது 'லில்யகொன்வால்' இலை. அதே பிடியில் ஒரு பங்கை அவளுடைய அம்மம்மா சம்பலுக்கென எடுத்து வைத்திருந்தார் என்று அறிந்தபோது எமக்கு உடல் நடுங்கியது.

லில்யகொன்வால் இந்நகரைச் சூழ்ந்த காடுகளில் தாராளமாக வளர்வது. வெண்மணிகள் போன்ற அதன் பூவை 1967இல் பின்லாந்து தன் தேசிய மலராக்கியது. அழகுக்குக் குறைவில்லை, ஆனால் இலை, பூ, செங்கனி, பூவை இட்டுவைத்த சாடித் தண்ணீர் யாவற்றிலும் இதயத் துடிப்பைக் குழப்பும் நஞ்சுண்டு. ராம்ஸ்லோக்கில் ஒவ்வோர் இலையும் தனிக் காம்புடன் நிலத்திலிருந்து எழும். மற்றதிலோ இரண்டு இலைகள், சிலவேளை மூன்று, ஒன்றையொன்று தழுவி ஒரே தண்டில் நிற்கும். மணத்தை மட்டும் நம்பவேண்டாம்: ஓர் உள்ளியிலையைக் கசக்கிய விரலில் அடுத்த இலையும் உள்ளியாகவே மணக்கும்.

'நரியின் மணி' எனப் பொருள்படும் 'ரெவபியெல்ல' செடியின் நஞ்சும் இதயத்தையே தாக்கும். 1785இல் ஆங்கில வைத்தியர் வில்லியம் விதரிங் அதன் மருத்துவப் பயனை நூலாக வெளியிட்டார். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே அளவொன்றே வேறுபாடு.

குருவி தின்பது கோழிக்கும் ஆகும் என்ற எண்ணமும் பிழையானது. 'பார்லின்ட்' மரத்தின் சிவந்த சதையில் நஞ்சில்லை. உள்ளிருக்கும் விதையிலே உண்டு. காட்டுப் பறவை பழத்தை விழுங்கி விதையை முழுதாகவே கழித்துவிடும். கோழியின் அரைவைப்பையோ, விழுங்கிய சிறுகற்களைக் கொண்டு உணவை மாவாக்கும் திரிகை. விதை அங்கே உடைந்தால் நஞ்சு வெளிப்படும். அம்மரத்தின் இலையும் கொடியது. வேலி கத்தரித்த குப்பையைக் கூட்டருகே குவிக்கக்கூடாது. அடுக்களையிலிருந்து போகும் பச்சை படிந்த உருளைக்கிழங்குத் தோலும், 'ரபார்பரா' இலையும் அவ்வாறே விலக்கவேண்டியவை.

கோழிக்குப் பச்சை வேண்டுமெனில் 'லோவதான்' இலையும், ஈரநிலத்தில் படரும் 'வஸ்ஸார்வ' பூண்டும் போதும். பறித்ததில் ஐயம் எழுந்தால் மிஞ்சிய இலையை எறியாது மிருக வைத்தியரிடம் காட்டுக. மனிதர் எவரும் உண்டுவிட்டால் நஞ்சுத் தகவல் நிலையத்தின் 22 59 13 00 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.