கியூவில் நின்றால் மயக்கம் வருவது ஏன்?



பள்ளி விடுமுறை வந்தால் தோட்டத்தில் பஸ் கட்டிக்கொண்டு ஒரு நாள் சுற்றுலா போவது நம் வழக்கம். முன்பு பத்துமலை, போர்ட்டிக்சன் கடற்கரை என்று போவோம். இப்போது பிள்ளைகள் கேட்பது தீம் பார்க். பழைய ஈயச் சுரங்க நிலத்தில் 1993-இல் திறந்த சன்வே லகூன், 2012-இல் ஜொகூரில் திறந்த லெகோலேண்ட், கெந்திங் மலை என்று அவர்களே பட்டியல் சொல்கிறார்கள். போகட்டும். வருஷம் முழுக்க உழைக்கிற நாம் ஒரு நாள் சிரித்து விளையாடினால் என்ன குறைந்துவிடும்? ஆனால் அங்கே விளையாட்டு மூன்று நிமிஷம், அதற்குக் கியூ ஒன்றரை மணி நேரம். நான் எழுத வந்தது அந்தக் கியூவைப் பற்றித்தான்.

சென்ற ஆண்டு எங்கள் பஸ்ஸில் நானும் போனேன். எந்த இடம் என்பது வேண்டாம். பகல் பன்னிரண்டரை மணி. எனக்கு முன்னால் பால்மரம் வெட்டுகிற ஒரு தங்கச்சி நின்றார். "வெயில் ஏறுதும்மா, நிழலுக்குப் போய் உட்காரு" என்றேன். "என்ன டிரசரய்யா, தினம் ஐந்நூறு மரம் வெட்டுறவளுக்கு இந்தக் கியூ ஒரு வேலையா?" என்று சிரித்தார். நான் தண்ணீர் வாங்கப் போய்த் திரும்புவதற்குள் ஆள் விழுந்துவிட்டார்.

சுற்றி நின்றவர்கள் நல்ல மனசோடுதான் ஓடி வந்தார்கள். தூக்கி நாற்காலியில் உட்காரவைத்து, தலையை நிமிர்த்திப் பிடித்து, வாயில் தண்ணீர் ஊற்றினார்கள். அவருக்குக் கண் செருகிவிட்டது, கை கால் வெட்டி இழுத்தது. "வலிப்பு, கையில சாவியக் குடு" என்று ஒருவர் சத்தம் போட்டார். நான் போய் அவரைத் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு கால்களையும் ஒரு பையின் மேல் தூக்கி வைத்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, கண்ணைத் திறந்து "என் பிள்ளை எங்க?" என்றார்.

ஐந்நூறு மரம் சுற்றுகிறவர் சும்மா நின்றதில் எப்படி விழுந்தார்? விஷயமே அந்த 'சும்மா'வில்தான் இருக்கிறது. நாம் எழுந்து நின்றவுடன் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கீழே இறங்கிக் கால்களிலும் வயிற்றிலும் தேங்குகிறது. பெரியவர் ஒருவர் உடம்பில் இருப்பதே ஏறக்குறைய ஐந்து லிட்டர். கீழே போன ரத்தத்தை இருதயம் மட்டும் இழுத்துக்கொள்ள முடியாது. நடக்கும்போது கெண்டைக்கால் சதை ஒவ்வொரு அடிக்கும் இறுகி, பம்பு அடிப்பதுபோல் ரத்தத்தை மேலே தள்ளுகிறது. மரத்துக்கு மரம் நடந்துகொண்டே இருக்கும் வரை அந்தப் பம்பு ஓடும். கியூவில் கால் அசையாமல் நின்றால் பம்பு நின்றுபோகும். அதோடு வெயில் சேர்ந்தால், உடம்பு தன்னைக் குளிரவைக்கத் தோலுக்கு ரத்தத்தை அனுப்பும். வியர்வையில் நீரும் குறையும். மூளைக்குப் போகிற ரத்தம் குறைந்து ஆள் சாய்கிறார்.

கீழே விழுவதே உடம்பு செய்துகொள்கிற வைத்தியம் என்று சொல்வேன். படுத்துவிட்டால் தலையும் இருதயமும் ஒரே மட்டத்துக்கு வருகின்றன, ரத்தம் தானாக ஓடுகிறது. நாம் தூக்கி உட்காரவைப்பது அதைக் கெடுக்கிறது. மூளைக்கு ரத்தம் வராமல் நீட்டித்தால் கை கால் இழுக்கும், அது காக்காய் வலிப்பு அல்ல. ஆகவே மயங்கினவரை உட்காரவைக்காதீர்கள், நினைவு தெளியும் வரை வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள்.

மயக்கம் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் வரும். கொட்டாவி, குமட்டல், குளிர்ந்த வியர்வை, காது அடைப்பது, கண் மங்குவது. அந்த நேரத்தில் வெட்கம் பார்க்காமல் அங்கேயே குந்திவிடுங்கள். நமக்குக் குந்தி உட்காரத் தெரியாதா! நிற்கும்போதே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், தொடையை இறுக்கி விடுங்கள். 'ஒரு மணி நேரம் நின்னாச்சு, இப்ப விட்டா இடம் போயிடும்' என்ற எண்ணம்தான் ஆளை விழவைக்கிறது.

அந்தத் தங்கச்சி காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "பெண்கள் கக்கூசுக்கும் கியூ, டிரசரய்யா" என்றார். தாய்மார்களே, இதை நீங்கள் தோட்டத்திலும் செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். மறைவிடம் இல்லை என்று குடிக்காமல் இருக்கிறீர்கள், வந்ததையும் அடக்குகிறீர்கள். நீர்க்கடுப்பு என்று என்னிடம் வருகிறவர்களில் பலர் அப்படித்தான் வருகிறார்கள். கக்கூசுக்குப் போகும்போது இடத்தைப் பார்த்துக்கொள்ளத்தான் கூட வந்தவர்கள் இருக்கிறார்களே. தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். மூத்திரம் கடும் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை. நிறைய வியர்த்தவருக்கு, ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, எல்லாம் தலைதட்டி அளந்து கலந்து கொடுக்கலாம். உப்பு அளவு மீறக் கூடாது.

சாதாரண மயக்கம் படுத்த ஓரிரு நிமிஷத்தில் தெளியும். தெளியாமல் பிதற்றினால், உடம்பு அனலாகக் கொதித்தால், அது வெப்பத் தாக்கு, உயிருக்கு ஆபத்து. உடனே 999-க்குக் கூப்பிடுங்கள். வண்டி வரும் வரை நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீரால் நனைத்து விசிறுங்கள்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு வேறொரு ஆபத்து. வேறொரு பயணத்தில் ஒரு பெரியவர் காலையில் ஊசி போட்டுக்கொண்டு, 'இந்த ஆட்டம் முடியட்டும்' என்று பசியாறுவதைத் தள்ளிப்போட்டார். கியூவில் கை நடுங்கியது, காரணமில்லாமல் மருமகனைத் திட்டினார், பேச்சு குழறியது. குடித்திருக்கிறார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் ஒதுங்கினார்கள். அது ரத்தத்தில் சீனி இறங்கியது. ஊசியும் சில மாத்திரைகளும் அப்படிச் செய்யும். விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனி கரைத்தோ, அரைக் குவளை இனிப்புப் பானமோ கொடுத்து, கால் மணி நேரம் பார்த்து, தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுக்க வேண்டும். பிறகு சாப்பாடு. பையில் சீனி இல்லாமல் அவர்கள் கியூவில் நிற்கவே கூடாது. இன்சுலினை வெயிலில் நிற்கும் பஸ்ஸில் விட்டுப் போகாதீர்கள். ரத்தக் கொதிப்புக்கு நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மயக்கம் சீக்கிரம் வரும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கேட்டுவிட்டுப் போங்கள்.

கெந்திங் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏறக்குறைய 6,000 அடி உயரம், குளிர் இருப்பதால் தாகம் தெரியாது. ஆனாலும் குடிக்க வேண்டும். நின்றால் கால் சதை அங்கேயும் அதே கால் சதைதான்.

கியூவில் சேருவதற்கு முன் வாசலில் உள்ள அறிவிப்பைப் படியுங்கள், புரியாவிட்டால் கேளுங்கள். பிள்ளையின் உயரம் போதாது என்றோ, கர்ப்பிணிகளுக்கும் இருதய நோயாளிகளுக்கும் கூடாது என்றோ ஒரு மணி நேரம் நின்ற பிறகு திருப்பி அனுப்பினால் யாருக்கும் ஆத்திரம்தான் வரும். கதவு திறந்ததும் பெரிய ஆட்டங்களை முடித்துவிட்டு, பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரை நிழலில் சாப்பிட்டு உட்காருங்கள்.

அடுத்த விடுமுறைக்குப் பஸ் ஏற்பாடு செய்கிறவர்கள், பெயர் எழுதும்போதே யார் என்ன மருந்து சாப்பிடுகிறார் என்றும் பக்கத்தில் குறித்து, இரண்டு நாள் முன்னதாக உங்கள் தோட்டத்து டிரசரிடம் காட்டுங்கள். எங்கள் தோட்டத்தில் அந்தத் தங்கச்சிதான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருக்கிறார். இந்தத் தடவை கியூவில் குந்திக்கொண்டே நகரப் போகிறாராம்.