ஓய்ந்த பற்றரியும் உப்புத் தண்ணீரும்

1990 இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பற்றரியும் தடைப் பொருளானது. ஆனால், எந்தப் பக்கம் இடம்பெயர்வது, ஊருக்குத் திரும்பலாமா என்றறிய றேடியோ வேண்டியிருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்டோம். ஓய்ந்த பற்றரிகளை வெயிலில் வைத்தோம். ஆணியால் துளைத்து உப்புத் தண்ணீர் விட்டோம். சில உயிர்பெற்றன, சில பெறவில்லை. ஏன்?

சாதாரண ரோர்ச் பற்றரியின் கூடு நாகம். நடுவில் காபன் கோல். இடையில் கறுப்பு மங்கனீசுத் தூளும் நவச்சாரப் பசையும். நாகம் கரையக் கரையத்தான் மின்சாரம் வருகிறது; பசையின் ஈரம் அதற்கு வழிவிடுகிறது. பசை காய்ந்து ஓய்ந்த பற்றரிக்கு உப்புத் தண்ணீர் அந்த ஈரத்தைத் திருப்பிக் கொடுக்கும், அதுவும் சிறிது நேரத்துக்கே. கூடு கரைந்துபோன பற்றரிக்கு எத்தனை தரம் விட்டாலும் பயனில்லை.

பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டலாம். ஜாம் போத்தலில் உப்புத் தண்ணீர் விட்டு, நாகம் பூசிய ஆணியொன்றையும் செப்புக் கம்பியொன்றையும் ஒன்றையொன்று தொடாமல் நிறுத்துங்கள். ஒரு வோல்ற்றுக்குச் சற்றுக் குறைவாக வரும். நான்கு போத்தல்களை, ஒன்றின் செம்பை அடுத்ததன் நாகத்தோடு தொடுத்தால், சிறிய சிவப்பு எல்.ஈ.டி. மங்கலாக எரியும். ரோர்ச் குமிழ் எரியாது. அதற்கு இந்த மின்னோட்டம் போதாது. தேசிக்காயில் குத்தினாலும் இதே கதைதான்: மின்சாரம் தேசிக்காயில் இல்லை, அதன் புளி உப்புத் தண்ணீரின் வேலையைச் செய்கிறது.

வாகன பற்றரியைத் திறக்கவே வேண்டாம். உள்ளே கந்தக அமிலமும் ஈயமும் உண்டு. அல்கலைன் பற்றரியிலும் கையைப் புண்ணாக்கும் காரம் இருக்கிறது. பழைய பற்றரிகளைக் கிணற்றடியில் எறியாதீர்கள். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே கரைவது விரைவில் கிணற்றுக்குப் போய்விடும்.